நேராகப் போன பந்து

ஐம்பது வயதுக்கு மேல் கோல்ஃப் மட்டையைத் தொட்டவனுக்குப் பயிற்சியால் பயன் உண்டா என்று சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். உண்டு. இல்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரோடு சிரித்துப் பேசிவிட்டு வருவதற்கு எதற்கு வாத்தியார், எதற்கு வகுப்பு என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை. அவர்களுக்குத் தேவை வரவில்லை. எனக்கு வந்தது.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் வழக்குக் கோப்பை மூடிவிட்டது எனக்குத் தெரியும். விபத்து என்று எழுதியதைக் குறை சொல்ல நான் வரவில்லை. உங்களிடம் இருந்த சாட்சிகளை வைத்து வேறு எதையும் எழுதியிருக்க முடியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான் பல் மருத்துவன். எதையும் வேரிலிருந்து எடுத்தால்தான் எனக்குத் திருப்தி.

என் மனைவி இறந்தபோது மகளுக்கு ஐந்து வயது. இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள், செய்யவில்லை. அவளுக்குத் தலை பின்ன நானே கற்றுக்கொண்டேன். முதலில் கோணலாகத்தான் வந்தது. பள்ளியில் யாரோ கேலி செய்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தாள். க்ளினிக்கில் நோயாளிகள் இல்லாத நேரத்தில் கதவின் கைப்பிடியில் கம்பளி நூலைக் கட்டிப் பின்னிப் பின்னிப் பழகினேன். பிறகு யாரும் கேலி செய்யவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது எனக்கு வெறும் பழமொழி இல்லை.

அவளுடைய முதல் பால்பல் விழுந்தது என் உள்ளங்கையில். முன்பற்களுக்குக் கம்பி போட்டவனும் கழற்றியவனும் நான்தான். அவள் வாயில் என் கையைத் தவிர இன்னொரு மருத்துவரின் கை பட்டதில்லை.

படித்தாள், கட்டட வரைபடம் போடும் வேலைக்குப் போனாள், கூட வேலை செய்த பையனையே விரும்பினாள். நல்ல பையன். அவன் அப்பா, அதாவது என் சம்பந்தி, டைல்ஸ் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். பருத்த உடம்பு, பெரிய குரல். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் சிரமம்.

மகளுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருவதை நான் வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டு வந்தேன். சாலையில் எவன் எப்படி வருவான் என்று யாருக்குத் தெரியும். கல்யாணமான மறு மாதமே அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டார். அவளே ஓட்டிக்கொண்டு என் வாசலில் வந்து இறங்கினாள். அவளுக்குப் பதவி உயர்வு வந்தபோது முதல் ஃபோன் அவருக்குப் போயிற்று. இரண்டாவதுதான் எனக்கு. "மாமா பக்கத்துலயே இருந்தாரேப்பா" என்றாள். பக்கத்தில் இருந்தவருக்கு எதற்கு ஃபோன் என்று நான் கேட்கவில்லை.

என்னைக் கோல்ஃபுக்கு அழைத்துப் போனவரும் அவர்தான். "வீட்டுக்கும் க்ளினிக்குக்கும் செக்குமாடு மாதிரி சுத்துறீங்க சம்பந்தி. வாங்க, காத்தாட நடந்துட்டு வரலாம்" என்றார். மறுக்க முடியவில்லை. மகளும் போகச் சொன்னாள்.

எனக்கு ஒரு பலவீனம் இருந்தது. நான் அடிக்கும் பந்து நேராகத்தான் கிளம்பும். பாதி வழியில் மனசு மாறி வலது பக்கமாக வளைந்து புதருக்குள் போய் விழும். ஒவ்வொரு பந்தும் அப்படித்தான். க்ளப்பில் எனக்கு 'வலதுசாரி' என்று பெயர் வந்துவிட்டது. வைத்தவர் சம்பந்தி. ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. பரிமாறிக்கொண்டே அன்றைய ஆட்டத்தை நடித்துக் காட்டுவார். "பூமி உருண்டைங்கிறதை எங்க வலதுசாரிதான்மா நிரூபிக்கப்போறாரு. இன்னும் கொஞ்சம் பலமா அடிச்சா பந்து சுத்தி வந்து அவர் முதுகுலயே விழும்" என்பார். என் மகள் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பாள். "பாவம் மாமா, விட்டுடுங்க" என்று அவர் தோளில் தட்டுவாள்.

பாவம் என்றது என்னை.

என் பந்து இடது பக்கம் போகவே போகாது என்பதால் சம்பந்திக்கு ஒரு பழக்கம் உண்டாயிற்று. அடிக்கிறவனுக்கு முன்னால் யாரும் நடக்கக்கூடாது என்பது அந்த ஆட்டத்தில் பாலபாடம். அவர் மட்டும் நான் அடிப்பதற்கு முன்பே இடது ஓரத்து மரவரிசையை ஒட்டி முன்னால் நடக்கத் தொடங்கிவிடுவார். "உங்க பந்துக்கு இடது பக்கம்தான் சம்பந்தி ஊர்லயே பாதுகாப்பான இடம்" என்பார். பை தூக்கும் ஆளும் வலது புதர் ஓரமாகப் போய்த் தயாராக நின்றுகொள்வான்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது என் மகளின் இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. தொழில்காரன் கண்ணுக்குத் தப்புமா.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்லப்பா. கடைவாய்ப்பல். வெள்ளிக்கிழமை எடுத்தாச்சு."

"யார் எடுத்தா?"

அவள் தட்டைப் பார்த்தாள். சம்பந்திதான் பதில் சொன்னார். "வலி தாங்காம துடிச்சாளுங்க. உங்களுக்கு அன்னைக்கு நிறைய பேஷண்ட் இருப்பாங்க, எதுக்குத் தொந்தரவுன்னு நான்தான் பக்கத்துத் தெருவுல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். நல்ல கை. இவளுக்கு வலியே தெரியலை."

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். தையல் சுத்தமாகத்தான் இருந்தது. "நல்லா போட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.

என் மகளை அந்த வீட்டில் யாரும் மதிப்பதில்லை, அவளுடைய வலிகூட அவள் இஷ்டப்படி இல்லை என்று எனக்கு அன்று புரிந்தது. அவளைக் காப்பாற்ற என்னை விட்டால் ஆள் இல்லை. மறுநாள் மாலை க்ளினிக்கை முன்கூட்டியே மூடிவிட்டு ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு பயிற்சி மைதானத்துக்குப் போனேன். க்ளப் ஆட்கள் யாரும் அங்கே வருவதில்லை.

அங்கே சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெண்மணி. பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நான் அடித்த முதல் பந்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். "கைப்பிடிதான் சார் பிரச்சினை. மட்டையோட முகம் திறந்துகிட்டே வருது. இடது கையைக் கொஞ்சம் திருப்பிப் பிடிங்க. உள்பக்கமா இருந்து வீசுங்க. பந்து கிளம்பினதும் தலையைத் தூக்கிப் பார்க்காதீங்க, அது போக வேண்டிய இடத்துக்குத் தானா போகும்."

முதல் மாதம் இருந்ததும் கெட்டது. உள்ளங்கை கொப்புளித்து, க்ளினிக்கில் கையுறை போடும்போது எரியும். இரண்டாவது மாதம் பந்து வளைவதை நிறுத்தியது. மூன்றாவது மாதத்தில் எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் போனது. அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "வர்றவங்க எல்லாம் தனக்கு ஏற்கெனவே நல்லா வர்றதைத்தான் சார் திரும்பத் திரும்ப அடிச்சுப் பார்த்துட்டுப் போவாங்க. தப்பை மட்டும் எடுத்துக்கிட்டு வந்து உட்கார்ந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார். இத்தனை வருடத்தில் யாரும் என்னை இப்படிப் பாராட்டியதில்லை.

"பெருசா எதையும் பார்க்காதீங்க. சின்னதா ஒண்ணைக் குறி வச்சுக்கோங்க" என்றும் அவர் சொல்லியிருந்தார். மைதானத்தின் இடது ஓரத்தில் ஒரு பழைய தகரப் பலகை நின்றது. அதன் மேல்மூலையில், ஏறக்குறைய ஓர் ஆளின் தலை உயரத்தில், ஒரு திருகாணி. அதையே குறியாக எடுத்துக்கொண்டேன்.

"எல்லாரும் பந்து உயரமா பறக்கணும்னுதான் கேட்பாங்க. நீங்க ஏன் சார் தாழ்வாவே அடிக்கிறீங்க?"

"நாங்க ஆடுற இடத்துல காத்து அதிகம்மா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கைப்பிடிக்கே திரும்பிவிடுவேன். கெட்ட பழக்கத்தைத் தெரிந்தே செய்வதற்கும் பயிற்சி வேண்டும் ஐயா. ஒரே ஒரு தடவை கை மறந்துவிட்டது. பந்து கோடு போட்டது போல நேராகப் போய்ப் புல்வெளியின் நடுவே விழுந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. சம்பந்தி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அங்கிருந்தே என் மகளுக்கு ஃபோன் போட்டார். "அம்மாடி, உங்கப்பா இன்னைக்கு ஒண்ணு நேரா அடிச்சிட்டாரும்மா. வலதுசாரி கட்சி மாறிட்டாரு." அவர் முகத்தில் கேலி இல்லை. தன் பிள்ளை முதல் தடவையாக நடந்துவிட்டது போன்ற சந்தோஷம். நான் அதைப் பார்க்காமல் இல்லை. அடுத்த பந்தைப் புதருக்குள் அனுப்பினேன். அவர் மறுபடி இடது பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

அந்த ஞாயிறு நடந்ததை உங்கள் ஆட்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். குளத்தை ஒட்டிய மைதானம். அவர் அடித்துவிட்டு, வழக்கம்போல மர ஓரமாக முன்னால் போய்க்கொண்டிருந்தார். பை தூக்கும் ஆள் வலது பக்கம் புதரைப் பார்த்து நின்றான். நான் ஐந்தாம் நம்பர் மட்டையை எடுத்தேன். சம்பந்தி நின்றார். ஷூவுக்குள் கல் போயிருக்க வேண்டும். ஒரு கையை மரத்தில் ஊன்றி, ஒற்றைக்காலில் நின்று, ஷூவைக் கழற்றி உதறினார். பக்கவாட்டில் அவர் தலை எனக்குத் தெரிந்தது. காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டில் நரைத்த முடி.

அந்த இடத்தில் எலும்பு எவ்வளவு மெல்லியது என்று படித்தவன் நான்.

இடது கையைத் திருப்பிப் பிடித்தேன். பயமுறுத்தத்தான் நினைத்தேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயமுறுத்த நினைத்தவன் மரத்தைக் குறி வைத்திருப்பான். அந்த அம்மா சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். தலையைத் தூக்கவில்லை. அதனால் பார்க்கவில்லை, கேட்டேன். பல்லைப் பிடுங்கும்போது வேர் விடுபடுவதற்குச் சற்று முன் ஒரு சத்தம் வரும், வெளியே கேட்காது, கையில்தான் கேட்கும். அது போல ஒன்று.

பந்து ஆள் இருக்கும் பக்கம் போனால் அடித்தவன் உரக்கக் கத்தி எச்சரிக்க வேண்டும். நான் கத்தியதாகப் பை தூக்கும் ஆள் உங்களிடம் சொன்னான். பொய் சொல்லவில்லை. கத்தினேன். அவர் விழுந்த பிறகு.

அதன் பிறகு நீங்கள் விசாரித்தீர்கள். க்ளப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் எனக்காகப் பேசினார்கள். "அந்தச் சாருக்குப் பந்து இடது பக்கம் போனதே இல்லைங்க. வேணும்னு அடிச்சாலும் அவரால முடியாதுங்க" என்று பை தூக்கும் ஆள் அழுதான். என் பலவீனமே எனக்காக வந்து கூண்டில் நின்றது.

நான் தப்பித்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறப்பவர்களின் நெற்றிப்பொட்டு சரியாக என் கண்ணுக்கு நேரே வருகிறது. விளக்கை வேறு அதன்மேல்தான் போட வேண்டியிருக்கிறது. இரண்டு பேருக்கு ஈறு கிழிந்துவிட்டது. க்ளினிக்கைப் பூட்டிவிட்டேன்.

மகள் தினமும் வருகிறாள். "உங்க மேல தப்பில்லப்பா, மாமாதான் முன்னாடி நடந்திருக்கக் கூடாது" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள். சொல்லும்போது அவள் முகம் அழுது வீங்கியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு அவளை இவ்வளவு நேரம் பக்கத்தில் வைத்துக்கொண்டது இப்போதுதான். அதில் எனக்கு நிம்மதி இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று சம்பந்தியம்மா கூப்பிட்டு அனுப்பினார். கையைப் பிடித்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் அழைத்துப் போனார். புதிதாகக் கட்டிய ஓர் அறை. சன்னல், அலமாரி, குளியலறையில் வழுக்காத தரை. அறைக்கு வெளியே தோட்டத்தில் உயரமாக ஒரு வலை கட்டி, அதன் முன்னால் பச்சைப் பாய் விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு வாளி நிறையக் கோல்ஃப் பந்துகள்.

"உங்களை இங்கேயே வந்து இருந்துடச் சொல்லணும்னு பேசி வச்சிருந்தாங்க. மருமகதான் பிளான் போட்டா" என்றார் அந்த அம்மா. "நாலு பேர் முன்னாடி கத்துக்க சம்பந்திக்குக் கூச்சம், நாமே சிரிச்சுச் சிரிச்சு அவரைக் கெடுத்துட்டோம், இங்கேன்னா யாரும் பார்க்க மாட்டாங்கன்னு சொல்லி இந்த வலையை எங்க வீட்டுக்காரரே நின்னு கட்டினாரு. உங்க பிறந்தநாளுக்குச் சொல்லலாம்னு இருந்தோம். நீங்க வந்து இருக்கணும்ணே. அவருக்கும் அதுதான் ஆசை."

என்னால் அந்தப் பாயின்மேல் கால் வைக்க முடியவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். காலையில் இங்கே வந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். கை தவறவில்லை. பழகினேன், குறி பார்த்தேன், அடித்தேன். எந்தத் தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று. வெளியே மரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. என் மகள் அதில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். ஏதோ கையெழுத்துப் போட வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும். அவளை உள்ளே கூப்பிடாதீர்கள், நான் சொன்ன எதையும் அவளிடம் சொல்லாதீர்கள். தாங்கமாட்டாள். மாமனாரும் போய்விட்டார். அவளுக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?