செருப்பைக் கழற்றச் சொன்ன அஞ்சலிக் கூட்டத்துக்கு

மேடையில் அமர்ந்திருந்த பெரியவர்களே, உடன் பணிபுரிவோரே, வெறுங்காலோடு உட்காரவைக்கப்பட்ட நோயாளிகளே! நான் வாய்மூடி இருந்தது போதும். இன்றைய கூட்டத்தில் விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

மருத்துவர் நத்தர்ஷா யார்? சர்க்கரையால் பாதத்தின் முன்பாதியை இழந்தவர்களுக்காகப் பதினெட்டு ஆண்டுகள் உழைத்தவர். விரல் போன பாதம் சும்மா இருக்காது. குதிகால் நாண் மேலே இழுக்கும். நுனி தரையில் குத்தும். ஆறிய இடம் மறுபடி புண்ணாகும். முழங்காலுக்குக் கீழே வெட்டிவிடுவது நம் மருத்துவமனை வழக்கம். அவரோ நாணில் மூன்று சிறு கீறல் போட்டு நீளமாக்கினார். குதிகாலைத் தரையில் இறக்கினார்!

குச்சனூர்க் கோயில் வெயிலில் வெறுங்காலோடு சுற்றிப் பாதிப் பாதத்தை இழந்த அம்மாவாசி, "சாமிகிட்ட செருப்போட எப்பிடிய்யா போறது?" என்று கேட்டார்.

"ஏலே, சாமிக்கு ஒன் காலு வேணாம், எனக்கு வேணும். வெளிய நின்னு கும்புடு" என்றார் நத்தர்ஷா.

தன் வீட்டுக்குள்ளேயே நோயாளிகளைச் செருப்போடு நடக்கவைத்தவர் அவர். "தொடைக்கிறது நானு, பேரு ஒங்களுக்கா?" என்று அவர் மனைவி நசீமா சண்டை போட்டதும் உண்டு.

அந்த மனிதரின் படத்துக்குப் பூப்போட வந்தவர்களிடம் வாசலில் என்ன சொன்னீர்கள்? "செருப்பக் கழட்டிட்டு வாங்க!" மரியாதையாம்! சூடு தெரியாத பாதங்கள் கொதிக்கும் சிமென்டுத் தரையில் வரிசையாக நின்றன. மார்க்கையன்கோட்டை பஞ்சம்மாள் மட்டும் மறுத்தார். "டாக்டரு பாத்தாகன்னா வைவாக. நான் இங்கனயே நின்னுக்கிறேன்." நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, அவரைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தேன்.

மேடையில் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்றீர்கள். இந்த அறுவைக்கு வாரத்தில் ஒரு நாள் ஆபரேஷன் தியேட்டர் கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் போட்டீர்களா? அவரை அடக்கம் செய்த மறுநாளே பஞ்சம்மாளின் சீட்டில் அவர் எழுதியிருந்த நாண் நீட்டிப்பை அடித்துவிட்டு, 'முழங்காலுக்குக் கீழே அகற்றல்' என்று எழுதியது யார்? மாதக்கணக்கில் கட்டு மாற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது என்றுதானே?

அந்தக் கால் வெட்டப்படாது. வெட்டச் சம்மதித்துக் கைநாட்டு வைக்காதீர்கள் என்று பஞ்சம்மாளிடம் சொல்லியாகிவிட்டது. "ஆத்தாடி, வெரலக் கூட நீட்டமாட்டேன்" என்றார். நத்தர்ஷாவிடம் இந்த அறுவையைக் கற்றவர்கள் இங்கே மூன்று பேர் இருக்கிறோம். செய்வோம். அவருக்கு நாங்கள் செலுத்தும் அஞ்சலி அதுதான்.

இதை நோட்டீஸ் பலகையில் ஒட்டப்போகிறேன். பெயர் போட்டால் நாளையே மாற்றல் உத்தரவு வரும். பஞ்சம்மாள் அறுவை மேசையில் படுக்கும்போது ஒரு கை குறையும். அதனால் கையெழுத்துப் போடவில்லை. அந்தக் குதிகால் தரையில் ஊன்றும்வரை, மூவரில் நான் யாரென்று தேடிக்கொண்டிருங்கள்.