தண்ணிக்குப் பத்தியம்

ஜேடர்பாளையம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, கணவனின் அக்காவோடு உட்கார்ந்திருந்தாள். நல்ல உச்சிவெயில். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்ததும் அக்காக்காரி வெடுக்கென்று பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“பெத்த ஒடம்புக்குத் தண்ணி ஆகாது சாமி. குடிச்சா வயிறு தொங்கிப் போயிரும். எங்கூட்டுக் காதுகுத்துக்குச் சனமெல்லாம் வரும். நீ இப்பிடிக் குண்டா வந்து நின்னா என்ன நெனப்பாங்க?”

“புள்ள பெத்திருக்கறேன்னு நெனப்பாங்க அண்ணி.”

“நானெல்லாம் பெத்த கையோட பழையபடி குச்சியாட்டம் ஆயிட்டேன்.”

“தெரியுமுங்க. உங்க பையனுக்குப் பால் பவுடர் தேடிக் கடைகடையா அலஞ்ச கதைய உங்க தம்பி சொல்லீருக்கறாருங்க.”

அக்காக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தை வீரிட்டது. துண்டைப் போர்த்திக்கொண்டு அவள் பால் கொடுத்துப் பார்த்தாள், அழுகை நிற்கவில்லை.

“ஏஞ்சாமி, புள்ளைக்குப் பத்தலையாட்ட இருக்குது. உனக்குப் பாலே ஊற மாட்டேங்குதா?”

“ஊறுமுங்க அண்ணி. ஊறறதுக்கு வேண்டியது உங்க பையிலதானுங்க இருக்குது.”