லோகநாதன் போட்ட லைன்

— பத்தாயிரம், தம்பி. என் வீட்டுக்காரரு தட்டற சத்தத்துக்கு நான் போடற விலை. பட்டு யாவாரத்துல கன்னியம்மா எடுத்த எடுப்புலயே நல்ல விலை சொன்னான்னு ஆரணியில ஒருத்தனும் நம்பமாட்டான். வாங்கிகினு, குழாய் நல்லா கீதுன்னு எழுதிட்டு போளூருக்கு வண்டியைக் கெளப்பு.

— அக்கா, நான் குழாய் சோதிக்க வந்தவன். சத்தத்துக்கு விலை பேச வந்தவன் இல்ல.

— கிளமெண்ட்டு, பேஜார் பண்ணாத. ரோட்லருந்து சாயப்பட்டறை வரைக்கும் அந்த மனுசன் தன் கையால போட்ட இரும்பு லைன் இது. காலையில தண்ணி வந்ததும் வாசல்ல நின்னு குழாயை ஸ்பானரால மூணு தட்டு தட்டுவாரு. உள்ள தொட்டியாண்ட நான் பைப்பைத் தெறப்பேன். அவரு போயி ரெண்டு வருசம் ஆவுது. இன்னும் தட்டிகினுதான் கீறாரு.

— அது காத்துக்கா. தண்ணி வரும்போது உள்ள மாட்டின காத்து இரும்புல இடிக்கும்.

— காத்துன்னா, நான் பதிலுக்குத் தட்டினதும் நிக்குமா? நின்னுடுது தம்பி.

— போன வாரமே சொன்னேன் இல்ல? சாயத் தொட்டிக்குக் கீழ குழாய் காகிதமாட்டம் தேய்ஞ்சிருக்கு. ஓட்டை விழுந்தா, தண்ணி நிக்கற நேரத்துல உங்க சாயத்தை உள்ள இழுத்துக்கும். தெரு பூரா அதைத்தான் குடிக்கணும். இன்னிக்கும் அதே மாதிரி காட்டினா, மாத்தித்தான் ஆவணும். பிளாஸ்டிக் போட்டுடுவாங்க.

— பிளாஸ்டிக்ல அவரு எப்டித் தட்டுவாரு?

— கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா. கருவியை உள்ள விடறேன்.

— தோண்டல, உடைக்கல. அப்புறம் உனக்கு எப்டித் தெரியுது? தங்கத்தையே உரசிப் பாத்துதானே நம்பறோம்.

— உள்ள போறது ஒரு காந்தச் சுருள். அது விடற அலை குழாயோட சுவரைத் தாண்டி வெளிய போய், மறுபடி உள்ள வரும். சுவர் தடியா இருந்தா லேட்டா வரும், தேய்ஞ்சிருந்தா ஜல்தியா வரும். அவ்ளோதான் மேட்டரு... இருங்க இருங்க.

— இன்னா?

— தொட்டிக்குக் கீழ வந்துட்டுது. போன வாரம் சுவரு ரெண்டு மில்லிமீட்டர் தடிமன்னு காட்டின இடம். இப்போ பதினொன்னு காட்டுது.

— நல்லதாப் போச்சு! எழுதிக்க.

— புதுக் குழாயே எட்டு மில்லிதான். தேய்ஞ்ச இரும்பு எப்டிக்கா புதுசை விடப் பெருக்கும்? வெளிய வேற ஏதோ உலோகம் சுத்தியிருக்கு. ஆமா, தொட்டியாண்ட மண்ணு ஏன் ஈரமா கெளறிக் கெடக்குது?

— ...ஜரிகை.

— ஜரிகையா?

— செம்பு ஜரிகையை வெள்ளி ஜரிகைன்னு தலையில கட்டறவனுங்களை எத்தினி பேரைப் பாத்திருப்பேன். மெசினு மட்டும் இன்னா பெரிய கொம்பா? நேத்து நானே தோண்டி, ஒரு கட்டு ஜரிகையை அப்டியே குழாய் மேல சுத்திட்டேன். எடை கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டேன் போலக்கீது.

— ஏசுவே! கல்யாணப் பொடவைக்குப் போற ஜரிகை, குழாய்க்கு முந்தானை. சிரிக்கறதா அழறதான்னு தெரியலக்கா. ஆனா நான் பொய் எழுதமாட்டேன்.

— பொய் எழுத வேணாம். தேய்ஞ்சிடுச்சின்னே எழுது. பக்கத்து வீட்டு ஜெயப்ரியா கைக்கொழந்தையோட கீறா. அதுக்குப் பால் பவுடரு கலக்கறதும் இந்தத் தண்ணியிலதான். என் வீட்டுக்காரரைக் கேட்டாலும் அப்டித்தான் சொல்லுவாரு.

— மனசை விட்றாதீங்கக்கா. மிச்சத்தையும் பாத்து முடிச்சுடறேன்... அக்கா, ரோட்டுப் பக்கமும் சுத்தினீங்களா?

— இல்லியே.

— வாசலைத் தாண்டி, நடு ரோட்டுக்கு அடியில. போன வாரம் அங்கயும் தேய்ஞ்சிருந்துது. நீங்க பயப்படுவீங்கன்னு அதை உங்க கிட்ட நான் சொல்லவேயில்ல. இப்போ அங்கயும் அதே பதினொன்னு.

— அங்க சிமெண்ட்டு ரோடு தம்பி. கடப்பாறையே எறங்காது.

— ஒரு கீறல்கூட இல்ல, வண்டியை அது மேலதான் நிறுத்தியிருக்கேன். ஆளுங்களை வெச்சு நீங்க தோண்டலன்னா, அங்க யாருக்கா சுத்தினது?

— பீரோவுல ஆறு கட்டு ஜரிகை வெச்சிருந்தேன். நான் எடுத்தது ஒன்னு. காலையில எண்ணிப் பாத்தேன் தம்பி... நாலுதான் கீது.