வளையத்துக்குள் முளைத்த புள்ளிகள்

கூடியிருப்போர்: கருவிழிப் பிரிவு டாக்டர், மருந்து கலக்கும் அறையிலிருந்து இருவர், தட்டு கழுவும் அம்மா, அக்காவின் கணவர், மூன்றாவது வரிசையில் ஒரு முடிதிருத்துநர், ஆய்வக ஊழியர்கள் பதினொரு பேர்.

கண் மருத்துவமனை ஆய்வகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாததையே பார்த்துப் பார்த்துக் கண்ணாடிப் பவரை ஏற்றிக்கொண்டு இன்று ஓய்வுபெறும் எங்கள் அக்காவே! முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே நீங்கள் இங்கே இல்லாததுபோல் மற்றவர்களிடம் சொல்கிறோம்.

இந்த முடிதிருத்துநருக்கு ஒரு கண்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அதன் கருவிழியிலும் ஈஸ்ட் குடியேறியது. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டுக்குப் பங்காளிதான், குணம்தான் வேறு. புண்ணிலிருந்து சுரண்டியதை அக்கா ஆய்வகத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்ந்த வில்லையை நடுவில் வைத்தார். மறுநாள் வில்லையைச் சுற்றி எதுவும் வளராத சுத்தமான வளையம். ‘இம்மருந்து கேட்கும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். டாக்டரும் அதையே ஊற்றினார். புண் பரவிக்கொண்டே போனது. கண்ணை எடுக்க நாள் குறித்தார்கள்.

அக்காவுக்கு அது உறுத்தியது. சேமித்து வைத்திருந்த அதே ஈஸ்டை மீண்டும் வளர்த்தார். முதல் நாள் அதே வளையம். வழக்கமாக வேலை அத்தோடு முடியும். அவர் தட்டை வீசவில்லை. அடுத்த நாள் வளையத்துக்குள் குண்டூசி முனை அளவில் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள். அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதே அப்போதைய நடைமுறை. ஒரு புள்ளியை எடுத்துத் தனியே வளர்த்தார். மருந்துக்கு அஞ்சாமல் அது வில்லையின் விளிம்புவரை வளர்ந்து நின்றது; கண்ணில் பரவியது இந்தக் கூட்டம்தான்.

அறுவைக்கு முந்தைய நாள் காலை தட்டோடு டாக்டரிடம் படியிறங்கினார். பத்தொன்பது ஆண்டு நல்ல பெயர் அந்தத் தட்டில் இருந்தது.

“என்னம்மா, நீங்க கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை நீங்களே மாத்தறீங்க?”

“தப்பு ரிப்போர்ட்ல இருக்கு டாக்டர். கண்ணை ஏன் எடுக்கறீங்க?”

டாக்டர் அறுவையைத் தள்ளிவைத்து மருந்தை மாற்றினார். புதுச் சொட்டு விழுந்ததும் முடிதிருத்துநர் அலறினார்: “மிளகாய அரைச்சு ஊத்தறீங்களா?” நாற்பது நாளில் புண் ஆறியது. தழும்பு மிஞ்சியது, பார்வையும் மிஞ்சியது. கடைக்குத் திரும்பியவர் அக்காவிடம் குறைப்பட்டார்: “ஒத்தக் கண்ணோட கத்தியத் தூக்கறேன். வர்றவங்க ரெண்டு கண்ணையும் மூடிக்கிறாங்கக்கா.”

எல்லாம் இப்படி முடியவில்லை. எந்த மருந்துக்கும் மசியாத ஈஸ்டுகளும் வந்தன. மூன்று கண்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவற்றின் தட்டுகளையும் அக்கா இரண்டாம் நாள் பார்த்திருந்தார். முடிதிருத்துநரின் தட்டுக்குப் பிறகு இங்கே யாரும் ஒரே நாளில் தட்டை வீசுவதில்லை. அவர் விட்டுச்செல்வது அதைத்தான்.

இன்றும் வளர்ப்புப் பெட்டியில் ஒரு தட்டு இருக்கிறது. சற்றுமுன் மாலையைக் கழற்றிவைத்துவிட்டு அதைப் பார்க்கக் கிளம்பினீர்கள், பிடித்து உட்காரவைத்தோம். அதை நாங்கள் பார்ப்போம், அக்கா. தெம்பாக, நோயின்றி, நெடுநாள் வாழுங்கள். ஆய்வகத்தார் பதினொருவரும் கையொப்பமிட்ட இம்மடலை வாங்கிக்கொண்டு நீங்கள் வெளியேறியதும் கதவைச் சாத்துவோம். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று தெரியும். பூட்டியும் விடுவோம்.