நாற்பத்து மூன்று ஃபிளாப்பியும் ஒரு நீல டிஸ்க்கும்

யெர்னெய்: ...சட்டைப் பையில போயிடும் டீச்சர். பாருங்க, இந்த நீல டிஸ்க் இவ்வளவுதான் அளவு.

தரின்கா: பாத்தேன், பாத்தேன். ஃபிளாப்பி மாதிரிதான் இருக்கு. நல்லா சாப்பிட்டு சதை போட்ட ஃபிளாப்பி.

யெர்னெய்: சதை இல்ல, நூறு மெகாபைட். உங்ககிட்ட இருக்கிற நாப்பத்து மூணு ஃபிளாப்பியையும் இதுக்குள்ள கொட்டினாலும், இன்னும் இருபத்தஞ்சுக்கு இடம் மிச்சம் இருக்கும்.

ஸ்டோயன்: நான் ஓட்டுற சரக்கு ரயில்ல கூட இப்படி ஏத்த முடியாது.

தரின்கா: நீ புருஷனா லட்சணமா அடுப்பைப் பாரு ஸ்டோயன், காப்பி பொங்கப் போகுது. இந்தா பாரு யெர்னெய்... நீ அச்சகத்துல வேலை பாக்குற. போஸ்டர், பத்திரிகைன்னு கனமான வேலை. உனக்கு இதெல்லாம் வேணும். வீட்டுல ஒத்தை கம்ப்யூட்டர் வச்சிருக்கிற பூகோள டீச்சருக்கு எதுக்கு?

யெர்னெய்: வெறும் பூகோள டீச்சரா நீங்க? பன்னண்டு வருஷமா ஊசித்துளைக் குகைக்குள்ள வயித்தால ஊர்ந்து, நாடாவையும் திசைகாட்டியையும் வச்சு பதினோரு கிலோமீட்டர் அளந்திருக்கீங்க. அதை மறுபடியும் கம்ப்யூட்டர்ல கோடு கோடா வரைஞ்சிருக்கீங்க. போன வருஷம் தலைநகர் லுப்லியானாவுல இருந்து வந்த பேராசிரியர் அந்தப் படத்து முன்னாடி எவ்வளவு நேரம் நின்னாரு தெரியுமா? போட்டிருந்த குளிர் கோட்டைக் கூட கழட்டல.

தரின்கா: அவருக்குக் குளிரா இருந்திருக்கும்.

யெர்னெய்: பேச்சை மாத்தாதீங்க.

தரின்கா: சரி, மாத்தல. நேராவே கேக்குறேன். இந்த டிஸ்க்கை உன் வீட்டு மிஷின்தான் படிக்கும். ஊர்மன்றத்துல இருக்கிற கம்ப்யூட்டர் படிக்குமா? பள்ளிக்கூடத்துல இருக்கிறது படிக்குமா? ஃபிளாப்பின்னா எங்க கொண்டு போனாலும் வாயைத் திறக்கும்.

யெர்னெய்: அதுக்குத்தான் இந்தக் குட்டிப் பெட்டி. கையோட எடுத்துட்டுப் போயி, பிரிண்டர் ஒயரைக் கழட்டிட்டு அந்த இடத்துல இதைச் சொருகினா முடிஞ்சுது. திருப்புளி கூட வேண்டாம்.

ஸ்டோயன்: அப்போ பிரிண்டரு?

யெர்னெய்: பிரிண்டரை இதுக்குப் பின்னால சொருகிக்கலாம். அதுக்கும் ஒரு ஓட்டை விட்டிருக்காங்க.

ஸ்டோயன்: புத்திசாலிங்கதான். தரின்கா, இதை நீ ஒத்துக்கணும்.

தரின்கா: ஒத்துக்கிறேன். அழகாத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா இது தொண்ணூத்தேழு. ரெண்டாயிரத்தேழுல இந்தப் பெட்டியை யாரு செய்வா? சிலது திடீர்னு கட்கட்னு சத்தம் போட்டு உள்ள இருக்கிற டிஸ்க்கையும் கெடுத்துடுதாமே. எங்க கணக்கு வாத்தியார் சொன்னாரு.

யெர்னெய்: நானும் கேள்விப்பட்டிருக்கேன். எங்க அச்சகத்துல இன்னும் ஒண்ணு கூட அப்படி ஆகல, நாளைக்கு ஆகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். அதனாலதான் ரெண்டு டிஸ்க். ஒண்ணு உங்ககிட்ட, இன்னொண்ணு வேற யாரு வீட்டுலயாவது...

தரின்கா: அது நடக்காது.

யெர்னெய்: டீச்சர்...

தரின்கா: நடக்காதுன்னா நடக்காது. எட்டு வருஷத்துக்கு முன்னால குகைப் படத்தோட ஒரு நகலை நம்பிக் குடுத்தோம். அது யாரு யாரு கையிலயோ போயி, ஒரே கோடையில வெள்ளைக் கூடத்துல இருந்த கல் ஊசி அத்தனையும் ஒடைச்சு எடுத்துட்டுப் போனாங்க. பத்தாயிரம் வருஷமா சொட்டுச் சொட்டா வளர்ந்தது. அன்னிக்கு நம்ம குகைச் சங்கத்துல முடிவு பண்ணினதுதான். குகையோட படம் இந்த வீட்டை விட்டு வெளிய இருக்காது.

ஸ்டோயன்: காப்பி.

தரின்கா: வச்சுட்டுப் போ.

ஸ்டோயன்: நான் எங்கயும் போகல. செர்ரி இருக்கு, கழுவிட்டு வரேன்.

யெர்னெய்: சரி, வெளிய வேண்டாம். உங்க வீட்டுக்குள்ளயே ஒரு சோதனை. ஃபிளாப்பிப் பெட்டியை எடுங்க. குகை நீரோடை வரைஞ்ச ஃபிளாப்பியை மட்டும் இதுல ஏத்திக் காட்டுறேன். ரெண்டு நிமிஷம்.

தரின்கா: இன்னிக்கு வேண்டாம்.

யெர்னெய்: செவ்வாய்க்கிழமை ஊர்மன்றத்துல கூட்டம் இருக்கே. எப்படியும் எடுத்துத்தானே ஆகணும்.

தரின்கா: பெட்டி பள்ளிக்கூடத்துல இருக்கு.

ஸ்டோயன்: அலமாரியில இல்ல இருக்கு? மேல் தட்டுல.

தரின்கா: செர்ரி கழுவுறவருக்குப் பேச்சு எதுக்கு?

யெர்னெய்: டீச்சர், மேட்டுல குப்பைக் கிடங்கு போட்டா கீழ லோமிச் ஊருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கிடங்கு போட வர்றவங்க சொல்றாங்க. அந்த மேட்டுக்கு நேர் அடியில ஓடுற தண்ணிதான் லோமிச்சுல ஊத்தா வெளிய வருதுன்னு சொல்ல நம்ம கையில இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. உங்க படம். அது மேசை மேல விரிஞ்சாத்தான் பேச்சு நிக்கும்.

தரின்கா: எனக்குத் தெரியாதா? அந்த ஓடைக்குள்ள கழுத்தளவு தண்ணியில நின்னவ நான். கையால வரைஞ்சு கொண்டு வரேன்.

யெர்னெய்: கையாலயா? எதுக்கு?

தரின்கா: கையால வரைஞ்சா தெளிவா இருக்கும்.

யெர்னெய்: அதுக்குத்தான் அளவு நோட்டெல்லாம் வெளிய கிடக்கா? விரல் பூரா மை. மணிக்கட்டுல கட்டு வேற போட்டிருக்கீங்க.

தரின்கா: தோட்டத்துல சுளுக்கிக்கிச்சு. என்ன அப்படிப் பாக்குற?

யெர்னெய்: ஒண்ணும் இல்ல. காப்பி குடிங்க. ஆறிடும்.

தரின்கா: ...ஒண்ணு கூடத் திறக்கல யெர்னெய்.

யெர்னெய்: எது?

தரின்கா: நாப்பத்து மூணும். ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டுப் பாத்தேன். பள்ளிக்கூடத்து மிஷின்ல போட்டேன். எங்க அக்கா வீட்டுல கூடப் போட்டேன். எல்லாத்துலயும் ஒரே பதில். படிக்க முடியல.

யெர்னெய்: எப்படி...

தரின்கா: ஈஸ்டர் முடிஞ்சு பாக்குறேன், ஃபிளாப்பிப் பெட்டி வீட்டுக் கூடத்துல இருக்கிற பெரிய ஒலிபெருக்கி மேல உக்காந்திருக்கு. உள்ள எவ்வளவு பெரிய காந்தம்... பக்கத்துல இருந்தாலே ஃபிளாப்பியில எழுதினது அழிஞ்சிடும். வீடு பெருக்கும்போது நான்தான் தூக்கி வச்சிருப்பேன். நினைச்சு நினைச்சுப் பாக்குறேன், ஞாபகமே வரல.

யெர்னெய்: கம்ப்யூட்டர்ல இல்லையா?

தரின்கா: அதுல ஏது இடம்? ஃபிளாப்பிக்கு மாத்தினதும் அழிச்சிடுவேன். அழிச்சாத்தான் அடுத்த துண்டை வரைய முடியும். ஆறு வாரமா நோட்டைப் பாத்து மறுபடியும் வரைஞ்சிட்டிருக்கேன். எண்ணூறு மீட்டர் ஆச்சு. ஓடைக்கு இன்னும் வந்து சேரல.

யெர்னெய்: யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமே டீச்சர்.

தரின்கா: யாருகிட்ட? அடுத்தவங்க கையில குடுத்தா பத்திரமா இருக்காதுன்னு சங்கத்துல மேசையைத் தட்டிச் சொன்னவ நான். என் கையில எப்படி இருந்துச்சு பாரு.

யெர்னெய்: ...நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா நீங்க என்னை வெளிய போகச் சொல்லலாம்.

தரின்கா: சொல்லு.

யெர்னெய்: சரி பாக்க அச்சு எடுத்துக் குடு, பாத்ததும் கிழிச்சிடலாம்னு ஒவ்வொரு ஃபிளாப்பியையும் எங்கிட்ட குடுப்பீங்களே... திருப்பிக் குடுக்கிறதுக்கு முன்னால ஒரு நகல் எடுத்து வச்சுக்குவேன். வீட்டுல, இந்த மாதிரி டிஸ்க் ஒண்ணுல.

தரின்கா: என்னைக் கேக்காம.

யெர்னெய்: கேக்காமத்தான்.

தரின்கா: கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன்.

யெர்னெய்: தெரியும். அதான் கேக்கல.

தரின்கா: எத்தனை நாளா?

யெர்னெய்: ரெண்டு வருஷமா. அச்சகத்துல இந்த மிஷின் வந்த நாள்ல இருந்து. பழைய ஃபிளாப்பி எல்லாம் மறுபடி ஒரு தடவை அச்சுக்கு வந்துச்சே, ஓடை சேர்றதுக்கு முன்னால பெரிய சுவர்ப்படம் போட்டப்போ... அப்ப அதுங்களையும் எடுத்துட்டேன்.

தரின்கா: யாரு யாரு பாத்தாங்க?

யெர்னெய்: யாரும் இல்ல. என் பொண்டாட்டிக்குக் கூடத் தெரியாது. குளிர்கால சாக்ஸுக்கு அடியில கிடந்துச்சு. பெருசா கெட்டது பண்ணணும்னு எடுக்கல டீச்சர். ஒரு மனுஷி பன்னண்டு வருஷம் இருட்டுல ஊர்ந்து கொண்டு வந்தது, ஒரு கைப்பிடி செர்ரி கனம் கூட இல்லாத ஃபிளாப்பியில கிடக்கேன்னு... எனக்குத் தூக்கம் வரல. செவ்வாய்க்கிழமை முடியட்டும், சங்கத்துல நானே எழுந்து சொல்றேன். சங்கத்துல இருந்து என் பேரை அடிக்கிறதுன்னா அடிச்சுக்கோங்க.

தரின்கா: ...பிரிண்டர் ஒயரைக் கழட்டு.

யெர்னெய்: டீச்சர்?

தரின்கா: கழட்டுன்னு சொன்னேன். கொண்டு வந்திருக்கியா, இல்ல சாக்ஸுக்கு அடியிலயே விட்டுட்டு வந்தியா?

யெர்னெய்: கோட்டுப் பையில இருக்கு. இருங்க... இப்ப சொருகிட்டேன். பச்சை விளக்கு எரியுது பாருங்க. இதை அழுத்துங்க.

தரின்கா: இதையா?

யெர்னெய்: ஆமா. இப்ப இது.

ஸ்டோயன்: என்ன தெரியுது? நான் இங்க இருந்து பாக்க முடியல.

தரின்கா: வாசல். ஊசித்துளை. ...வெள்ளைக் கூடம். ரெண்டாவது ஏணி. அட, ஓடை வந்துடுச்சு. ஃபிளாப்பின்னா இந்நேரம் ஒரு காப்பி குடிச்சு முடிச்சிருப்பேன். மூடித் திற யெர்னெய், மறுபடியும் ஒரு தடவை பாக்கணும்.

யெர்னெய்: நீங்களே திறங்க.

தரின்கா: முழுசா ஒரே படமா நகருதே. துண்டு துண்டாப் பாத்துப் பாத்து, இது இவ்வளவு பெருசுன்னு எனக்கே மறந்து போச்சு.

யெர்னெய்: நாப்பத்தொண்ணுதான் இருக்கு. மார்ச்ல வரைஞ்ச ரெண்டு எங்கிட்ட வரவே இல்ல.

தரின்கா: அது மேற்குக் கிளை. நூத்திருபது மீட்டர். நோட்டு இருக்கு, செவ்வாய்க்கிழமைக்கு அது வேண்டாம், அப்புறமா வரைஞ்சுக்கிறேன்.

யெர்னெய்: அப்போ இந்த மிஷினு...

தரின்கா: இங்கயே இருக்கட்டும். நான் ஒண்ணு வாங்குற வரைக்கும் திருப்பிக் கேக்காதே. டிஸ்க் ரெண்டு. ஒண்ணு என் அலமாரியில. இன்னொண்ணு... உன் சாக்ஸுக்கு அடியிலயே கிடக்கட்டும். செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் சங்கத்துல நான் எழுந்து பேசுறேன். நீ சும்மா உக்காந்திரு.

யெர்னெய்: சரி டீச்சர்.

தரின்கா: ஆனா ஒரு சந்தேகம். சனிக்கிழமைன்னா நீ தூண்டிலைத் தூக்கிட்டு ஆத்துக்குப் போவே. இன்னிக்கு வந்ததுல இருந்து பெட்டியை எடு, பெட்டியை எடுன்னு நச்சரிச்சே. கோட்டுல டிஸ்க்கும் தயாரா இருந்துச்சு. உனக்கு முன்னாடியே தெரியும். யாரு சொன்னா?

யெர்னெய்: சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன். செர்ரி நல்லா இருக்கு.

தரின்கா: ஸ்டோயன்.

ஸ்டோயன்: நீ கையால வரையறதைப் பாத்து எனக்கு என்னமோ போல இருந்துச்சு. வியாழக்கிழமை நீ பள்ளிக்கூடம் போனதும் ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன். அப்புறம் ஏதாவது வழி இருக்கான்னு கேக்க நேரா அச்சகத்துக்குப் போனேன். இவங்கிட்ட நகல் இருக்குன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது.

தரின்கா: எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. தப்புப் பண்ணினவ நான். நீ எதுக்கு ரெண்டு நாளா என் முகத்தைக் கூடப் பாக்காம இருந்தே?

ஸ்டோயன்: நீ பண்ணல தரின்கா. ஈஸ்டருக்கு முந்தின நாள், நீ பண்டிகைச் சாப்பாட்டை மந்திரிச்சு வாங்க கூடையை எடுத்துட்டு கோயிலுக்குப் போயிருந்தே. ஒரு பழைய இசைத்தட்டைத் தேடி நான் அந்த மேல் தட்டைக் காலி பண்ணினேன். பெட்டியைத் தூக்கி ஒலிபெருக்கி மேல வச்சது நான்தான். வச்சுட்டு, நீ வர்ற வரைக்கும் சத்தமா பாட்டுக் கேட்டேன்.