அந்த ஆபீசர் கேட்ட கேள்விகள்

— அம்மா, ‘ஓம்’ இல்லாட்டி ‘இல்லை’, ரெண்டில ஒண்டு சொன்னாப் போதும். அமெரிக்காவுக்குப் போய் வேலை செய்யப் போறியளோ எண்டு ஆபீசர் திரும்பக் கேக்கிறார்.

— அதான் அந்த ஆபீசர் தம்பிகிட்ட அப்பமே சொன்னேனே தாயி. செய்யாம? மக பிள்ளைப்பேறுக்குப் போறேன். சமைக்கணும், துணி அலசணும், பச்சப்பிள்ளையைக் குளிப்பாட்டணும். கையைக் கட்டிட்டு உக்காரவா போறேன்?

— ஏட்டி சுடலி, இல்லைன்னு சொல்லித் தொலைட்டி! என்கிட்டயும் இதேதான் கேட்டாரு. வேலைன்னு காதுல விழுந்ததும் ‘நோ’ன்னேன். ‘வெல்கம்’னு சொல்லி அனுப்பிட்டாரு.

— உங்களைக் கேட்டா நோன்னுதான் வரும். நம்ம வீட்டுலயும் அதைத்தானே சொல்லுதீங்க.

— ஐயா, இடையில கதைக்கிற நீங்கள் ஆர்?

— நான் இவ வீட்டுக்காரன்மா. சாமித்துரை. கோவில்பட்டிக்குப் பக்கத்துல உளுந்து, பருத்தி, மிளகாய் வெள்ளாமை. நீங்க யாரு? போனுக்குள்ள இருந்து தமிழ் பேசுதீங்க?

— நான் மொழிபெயர்ப்பாளர். ஆபீசர் சொல்லுறதைத் தமிழிலயும், அம்மா சொல்லுறதை இங்கிலீசிலயும் சொல்லுறன். அவ்வளவுதான்.

— எந்த ஊரும்மா? இலங்கைத் தமிழ் மாதிரில்லா இருக்கு.

— அதெல்லாம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை ஐயா.

— சரி, இதையாவது சொல்லுங்க. இது அபுதாபி. இன்னும் அமெரிக்கா பிளேனு ஏறக்கூட இல்லை. அதுக்குள்ள அமெரிக்கா ஆபீசர் இங்கன எப்படி வந்தாரு?

— இஞ்சயே விசாரிச்சு முடிச்சிடுவினம் ஐயா. இதில விட்டிட்டா, சிகாகோவில இறங்கேக்க ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். உள்ளூர் ஆக்கள் மாதிரி நேர மற்ற பிளேனுக்குப் போகலாம்.

— அப்படின்னா நான் இப்ப அமெரிக்காவுல இருக்கேன். இவ அபுதாபியில இருக்கா. ஒரே பெஞ்சுல.

— அமெரிக்காக்காரரே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. என் சேலை மேல உக்காந்திருக்கீங்க.

— வெளையாடாதட்டி. பிளேனு ஏறக் கூப்பிட ஆரம்பிச்சுட்டான். இதை விட்டா சிகாகோவுல மாறுற பிளேனும் போயிரும். பிரித்திகாவுக்கு எந்நேரமும் வலி எடுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காவ. உனக்கு நியாயம் பேச வேற இடமே கிடைக்கலையா?

— அதுக்காக? பேரப்பிள்ளையைப் பாக்கப் போற நேரத்துல பொய்யா சொல்லச் சொல்லுதீங்க? செய்யுறதைச் செய்யுதேன்னு சொன்னா என்ன குத்தம்?

— அம்மா, ஆபீசர் உங்கட பாஸ்போட்டைக் கொண்டு மேலதிகாரியிட்டக் கேக்கப் போறார். லைனை வைக்க வேண்டாமெண்டு சொன்னவர்.

— போயிட்டாரு. கதவையும் சாத்திட்டாரு. சோலி முடிஞ்சுது. எங்களைத் திருப்பித்தான் அனுப்பப் போறாவ.

— அம்மா... இன்னும் கொஞ்சக் கேள்வி இருக்கு.

— கேளு தாயி.

— பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுறது எண்டு சொன்னனீங்கள். அது என்ன மாதிரி?

— இதையுமா கேட்டாரு? அந்தாளு வாயைத் திறந்த மாதிரியே தெரியலையே!

— போகேக்க கேட்டிட்டுப் போனவர் ஐயா. விவரமாக் கேட்டு வைக்கச் சொன்னவர்.

— ஏம்மா, நான் சொல்லுதேன், அதை எழுதிக்கோங்க. அங்க எல்லா வேலையும் நான்தான் பாப்பேன். இவ சும்மா ஊரு பாக்க வாரா. ஒரு துரும்பை எடுத்துப் போட மாட்டா.

— அப்ப நீங்களே சொல்லுங்கோ ஐயா. குளிப்பாட்டேக்க பிள்ளையின்ர தலையை எப்பிடிப் பிடிக்கிறது?

— தலையா... தலையை... ஆட்டுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி, பின்னங்காலு ரெண்டையும் சேத்து ஒரு கையில—

— ஐயையோ! தாயி, அதை எழுதிராத! இவிய சொல்லுறதைக் கேட்டா பிள்ளை கெதி என்னாகும்? கீழ காலை நீட்டி உக்காரணும். பிள்ளையை ரெண்டு கால் மேலயும் போடணும், தலை உன் பாதத்துப் பக்கம் இருக்கணும். தண்ணியை முதல்ல உன் முழங்கை மடிப்புல ஊத்திப் பாக்கணும். உனக்கு இதமா இருந்தாத்தான் பிள்ளைக்கு. தலைக்கு ஊத்தும்போது ஒரு கையை நெத்தியில அணை மாதிரி வச்சுக்கணும், தண்ணி மூக்குக்குப் போகாது.

— கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ அம்மா. நெத்தியில... அணை மாதிரி... சரி. கை வழுக்காதோ?

— வழுக்கும். அதனால எண்ணெயைக் குளிப்பாட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே தேச்சிரணும். தேங்காயெண்ணெய் போதும்.

— இந்த ஆபீசருக்கு எத்தனை பிள்ளைட்டி? இம்புட்டு அக்கறையாக் கேக்குதாரு!

— சும்மா இருங்க. கேளு தாயி.

— பால் சுரக்காட்டி என்ன செய்யிறது அம்மா?

— ஏம்மா! இதெல்லாமா அமெரிக்கா கவர்மெண்டு கேக்கும்? நான் வெளிய போறேன்.

— வெளிய போனா நீங்க அமெரிக்கா, நான் அபுதாபி. உக்காருங்க. தாயி, பால்சுறா வாங்கி, வேகவச்சு உதுத்து, பூண்டு நிறையப் போட்டுப் புட்டு மாதிரி செய்து கொடுக்கணும். பூண்டைப் பால்ல வேகவச்சும் கொடுக்கலாம். ரெண்டு மூணு நாள் சுரக்கலைன்னு பயந்திரக் கூடாது. பிள்ளையை வாய் வைக்க விட்டுக்கிட்டே இருக்கணும்.

— பால்சுறா அங்க... அமெரிக்காவில எடுக்கேலாட்டி?

— பூண்டு எல்லா நாட்டுலயும் கிடைக்கும்லா.

— சரி. பிள்ளை அழுதால், பசியோ வயித்துக்குத்தோ எண்டு எப்பிடித் தெரியும்?

— விரலை உதட்டோரம் வச்சுப் பாரு. திரும்பிக் கவ்வினா பசி. காலை மடக்கி மடக்கி அழுதா வயிறு. ரெண்டும் இல்லாமலும் சில நேரம் அழும். அப்ப உன்னால ஒண்ணும் செய்ய முடியாது தாயி. தோள்ல போட்டுக்கிட்டு நடக்கணும், அவ்வளவுதான்.

— தோளில போட்டு... நடக்கவேணும்... சரி.

— இன்னும் கேள்வி இருக்கா தாயி?

— ஒண்டு இருக்கு அம்மா. கடைசிக் கேள்வி. முதல் பிள்ளை பெறேக்க நீங்கள் பயந்தனீங்களோ?

— இது என்ன கேள்விம்மா? இதுக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம்?

— கேட்டா சொல்லணும்லா. பயந்தேன் தாயி. எங்க அம்மா அதுக்கு முந்தின ஐப்பசியிலயே போயிட்டா. இவிய விருதுநகர்ச் சந்தைக்கு வத்தல் மூடை ஏத்திக்கிட்டுப் போயிட்டாவ. கோவில்பட்டி பெரியாஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரி கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பிரித்திகாவைப் பெத்தேன். அவ யாரு எவருன்னுகூடத் தெரியாது.

— வத்தலுக்கு அன்னைக்குத்தான்ட்டி விலை வந்துது... நீ இதை என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே.

— நீங்க கேட்டதில்லை. இந்த ஆபீசர் கேட்டாரு, சொல்லுதேன்.

— அந்தா வாராரு, அந்தா வாராரு! சிரிச்சுக்கிட்டு வாராரா, மொறைச்சுக்கிட்டு வாராரா, ஒண்ணும் விளங்கலையே!

— அம்மா, ஆபீசர் இப்ப கேக்கிறார். இந்த வேலையளுக்கு மகளோ மருமகனோ உங்களுக்குச் சம்பளம் தருவினமோ?

— சம்பளமா? இந்த வேலைக்கா? நான் பொறந்ததுல இருந்து இதுக்கு எவரும் சம்பளம் கொடுத்ததில்லை தாயி.

— சொல்லிட்டன்... அம்மா, சம்பளம் இல்லாட்டி அது வேலையே இல்லையாம். அவையின்ர சட்டம் அப்பிடித்தானாம். நீங்கள் போகலாம்.

— வேலையே இல்லையாமா?

— இல்லையாம்.

— இதைக் கேக்கவா தாயி கடல் தாண்டிப் போறேன்? எங்க ஊருலயும் இதைத்தானே சொல்லுதாவ!

— ஏட்டி, ‘வெல்கம்’னு சொல்லுதாருட்டி! நீயும் அமெரிக்கா வந்துட்ட, கிளம்பு! தங்கச்சி, ஒரே ஒரு உதவி. சிகாகோவுல இறங்கி எங்கிட்டுப் போகணும்?

— பெட்டி எடுக்கப் போற ஆக்களுக்குப் பின்னால போகாதேங்கோ ஐயா. உங்கட பெட்டி தானா மற்ற பிளேனுக்கு வரும். உங்கட போர்டிங் பாஸில இருக்கிற கேட் நம்பரை ஆரிட்டயும் காட்டிக் கேட்டு, நேர அங்கயே போங்கோ.

— ஊருக்குள்ள போகாம, பஸ் ஸ்டாண்டுலயே அடுத்த கழுகுமலை வண்டியில ஏறுற மாதிரி. விளங்கிட்டு, விளங்கிட்டு. வாட்டி, கேட்டை அடைக்கப் போறான்!

— இருங்க, அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன். தாயி, பொறுமையாக் கேட்ட. அந்த ஆபீசருக்கும் என் நன்றியைச் சொல்லிரு. ஆம்பளையா இருந்தும் எம்புட்டு விவரமாக் கேட்டாரு!

— அம்மா... அந்த மனுசன் உங்களிட்டக் கேட்டது வேலையையும் சம்பளத்தையும் மட்டும்தான். எனக்கு வாற மாசம் பிள்ளை பிறக்கப்போகுது.