பரிணாமத்தின் மேல் பழி

காலை எட்டு மணிக்கு வேலம்பாளையம் போகும் டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட்காரர் சொன்னதைக் கேட்டுத்தான் காதைத் தீட்டினேன்.

"நான் நிறுத்தலீங்க. பரிணாமம் நிறுத்துது."

அவர் ஒரு பனியன் கம்பெனி மேனேஜர். முன் சீட்டிலிருந்து திரும்பிப் பேசிய பெண் அங்கே டெய்லர். பேச்சு திருநெல்வேலிப் பக்கம். தன்னோடு ஒரே வரிசையில் தைத்து, பிரசவம் முடிந்து வந்த செல்வியை ஏன் திரும்ப எடுக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காட்டுல வலுத்ததுதானுங்க பொழைக்குது? கம்பெனியும் அப்படித்தானுங்க. பள்ளிக்கூடத்துல படிச்சதில்லீங்களா?"

"படிச்சேன் சார். எது பொழச்சுதுன்னு அதுல போட்டிருக்கு. யாரை வேலைக்கு எடுக்கணும்னு போடலியே."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"அப்ப ஆர்டர் கொறஞ்சதும் முதலாளிமாரு எல்லாம் சேந்து கவர்மெண்ட்டுட்ட சலுகை கேட்டாங்களே, அது எதுக்கு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"அது தொழிலக் காப்பாத்தறதுக்குங்க."

"செல்வியும் தொழில்தான் சார் கேக்கா. நடுவுல பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வர அரை மணி நேரம் வேணும், அவ்வளவுதான். அந்த நேரத்துத் தையலை நாங்க லைன்ல பகிர்ந்துக்கிடுதோம். பேசி வச்சாச்சு."

மேனேஜர் முன்னால் சாய்ந்தார்.

"எல்லாருமாங்க?"

"எல்லாரும்தான் சார்."

அவர்கள் இறங்கும் நிறுத்தம் வந்தது. "செரிங்க, நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றபடி அவர் எழுந்தார்.

"நாளைக்கு எதுக்கு சார்? அந்தா, கம்பெனி கேட்டுலதான் நிக்கா."

பஸ் நகரும்போது எட்டிப் பார்த்தேன். மேனேஜர் வாட்ச்மேனிடம் கையசைத்தார். டிபன் பையைப் பிடித்துக்கொண்டு செல்வி உள்ளே ஓடினாள்.